கடிதம் இருக்கிறவனுக்குப் பவுசர், எங்களுக்கு வெயில்

2022இல இலங்கையில டொலர் இருக்கேல்லை, எரிபொருள் கப்பல் வரேல்லை. சரி. வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாதெண்டு ஏப்ரலிலயே அரசாங்கம் கையை விரிச்சிட்டுது. திறைசேரியில காசில்லாததுக்கு எங்கட டி.எஸ். ஒபிசை, அதான் பிரதேச செயலகத்தை, திட்டிப் பலனில்லை எண்டு ஓட்டோ ஓடுற எனக்கும் விளங்கும். எனக்கு வயிறெரியிறது, வந்த கொஞ்சத்தை உவை பிரிச்ச விதத்தைப் பாத்துத்தான்.

ஜூன் 27ஆம் திகதி இரவு, ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் எண்டு அறிவிச்சினம். ஆஸ்பத்திரிக்குப் போற டொக்டருக்கும் தாதிக்கும் குடுக்கவேண்டாம் எண்டு ஆராவது சொன்னதா? அம்புலன்ஸை மறிச்சதா? ஆனா அந்தக் கதவு திறந்தாப்போல பின்னால வந்தவையைக் கேளுங்கோ. கந்தோர் கந்தோரா ஒரு கடிதம், அதில ஒரு சீல், கீழ ஒரு கையெழுத்து. வீட்டில இருந்தே வேலை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை வந்த உத்தியோகத்தருக்கும் பெற்றோல் கடிதம்! வீட்டுக்குள்ள எங்க ஓடப் போகினம், குசினிக்கோ?

பெற்றோல் செட்டில ஒருநாள், உந்தக் கடிதக்காரற்ற பெயர்ப் பட்டியலை நான் கிட்ட நிண்டு பாத்தனான். மேல முழுக்கத் தட்டச்சு, நம்பர் போட்டு ஒழுங்கா இருக்கு. பக்கத்தின்ர அடியில, நீலப் பேனையால எழுதின பெயர்கள் ஒரு கொத்து. அதுக்கு நம்பரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. "உது ஆர் எழுதினது?" எண்டு கேட்டன். ஃபைலோட நிண்ட தம்பி தாளைத் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு, "அண்ணை, லைனில போய் நில்லுங்கோ, இல்லாட்டி பொலிசுக்குச் சொல்லுவன்" எண்டான். அவனிலையும் பிழை இல்லை, பாவம், மேல இருந்து சொன்னதைச் செய்யிறான். அந்த நீலப் பேனை ஆற்ற சட்டைப் பையில இருந்தது எண்டதுதான் என்ர கேள்வி.

எங்கட செட்டுக்கு ஒரு பவுசரில, அதான் எண்ணெய் ஏத்தி வாற லொறியில, 6,600 லீற்றர் வந்தது. ஆளுக்கு மூண்டு லீற்றர்ப்படி அடிச்சா 2,200 மோட்டச் சைக்கிளுக்குக் காணும். எங்கட வரிசையில அவ்வளவு பேர் நிக்கேல்லை. பிறகு எப்பிடியப்பா பாதி வரிசை கிடக்கேக்க "முடிஞ்சுது" எண்டு கயிறு கட்டினனீங்கள்? அண்டு பின்னேரமே எங்கட ஒழுங்கையில சோடாப் போத்தலில பெற்றோல் விலைப்பட்டது. லீற்றர் 470 ரூபாச் சாமானுக்கு ஆயிரத்துக்கு மேல கேட்டாங்கள். அது என்ன, கிணத்தில அள்ளினதா?

இடையில விதானையாரிட்ட, அதான் கிராம சேவகரிட்ட, பதிஞ்சு ஒரு எரிபொருள் அட்டையும் தந்தவை. நல்ல வேலை எண்டுதான் எல்லாரும் ஓடிப்போய்ப் பதிஞ்சம். செட்டுக்குப் போனா, "இண்டைக்கு அட்டைக்கு இல்லை, விசேட பட்டியலுக்கு மட்டும்". சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கான் எண்டது உதுதான்.

பிறகு அந்த வருசமே, செட்டில போனைக் காட்டி எண்ணெய் அடிக்கிற கியூ.ஆர். முறை வந்தது. அடையாள அட்டை நம்பர், வாகன நம்பர், செசி நம்பர் குடுத்தாப் போனிலயே கியூ.ஆர். கோடு வந்தது. அதிட்டக் கடிதம் செல்லேல்லை, மச்சான் முறை செல்லேல்லை. வரிசையும் குறைஞ்சிட்டுது, பொய் சொல்லக்கூடாது. ஆனா அப்பத்தைய கணக்கைப் பாருங்கோ: கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டச் சைக்கிளுக்கு 4, ஓட்டோவுக்கு 5. போர்ட்டிக்கோவுக்குள்ள நிக்கிற காருக்கு 20! பள்ளிக்கூடப் பிள்ளையள், கிளினிக் போற கிழவியள், சந்தை மூட்டை எல்லாம் ஏத்தி நாள் முழுக்க ஓடுற எனக்கு 5. எவ்வளவு இழுத்துப் பிடிச்சாலும் ரெண்டு நாளைக்குக் காணேல்லை. மிச்ச நாளைக்கு என்ர பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது, கியூ.ஆர். கோடையோ? அது கொழும்பு போட்ட கணக்குத்தான். ஆனா இஞ்ச ஆர் ஓட்டோ ஓடிச் சீவிக்கிறது எண்டு பதிஞ்சு வைச்சிருக்கிற கந்தோர், ஒரு வரி மேல எழுதிக் கேட்டிருக்கலாமோ இல்லையோ?

மண்ணெண்ணெய்க் கதை இன்னும் கேவலம். என்ர தம்பி வெங்காயம் வைக்கிறவன், இறைக்கிற மெசின் மண்ணெண்ணெயில ஓடுறது. கடற்கரைப் பக்கம் போனா, மண்ணெண்ணெய் இல்லாம வள்ளங்கள் கரையில ஏத்திக் கிடந்தது. இந்தப் பனையடியில மண்ணெண்ணெய்க் கானை வரிசையா வைச்சுக் கயிறு கட்டிப்போட்டு, மாதக் கணக்காப் பாத்துக்கொண்டு இருந்தினம் சனம். இதுக்குள்ள லீற்றர் 87 ரூபா வித்ததை அந்த ஓகஸ்ட் 22இல இருந்து 340 ஆக்கிச்சினம். விலையை ஏத்தத் தெரிஞ்சவைக்கு, எந்த ஊருக்கு எப்ப வரும் எண்டு சொல்லத் தெரியேல்லை. விதானையாரைக் கேட்டா டி.எஸ். ஒபிஸ், அங்க கேட்டாக் கச்சேரி, அதான் மாவட்டச் செயலகம், கச்சேரியைக் கேட்டாக் கொழும்பு. பெற்றோல் இல்லாத காலத்தில எங்களைச் சைக்கிளில அலைய விட்டதில மட்டும் ஒரு குறையும் இருக்கேல்லை.

புதுசாச் சட்டம் கொண்டுவரச் சொல்லேல்லை. இனி இப்பிடி ஒரு தட்டுப்பாடு வந்தா, பவுசர் வாற அண்டைக்கு, எத்தினை லீற்றர் வந்தது, எந்தப் பட்டியலுக்கு எவ்வளவு போனது, பொதுச்சனத்துக்கு எவ்வளவு எண்டு ஒரு தாளில எழுதிச் செட் மதிலில ஒட்டுங்கோ. பசையும் பேப்பரும் நாங்கள் வாங்கித் தாறம். ஒட்ட ஏலாதெண்டால், ஏன் ஏலாது எண்டதையாவது எழுதி ஒட்டுங்கோ. அந்த நீலப் பேனையாலயே எழுதினாலும் பரவாயில்லை.