கர்ட்டின் டர்னரின் சீடர் இல்லை

“தாமஸ் கர்ட்டின் டர்னரிடம் பாடம் படித்த பையன்” என்று இந்த இரண்டு ஆங்கில ஓவியர்களைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. இருவரும் 1775-இல் பிறந்தவர்கள், கர்ட்டின்தான் இரண்டு மாதம் மூத்தவர். அவர் தொழில் பழகியது எட்வர்ட் டேயஸ் என்ற ஓவியரிடம். லண்டனில், ஓவியங்கள் சேகரித்துவந்த டாக்டர் மன்றோ வீட்டில் இருவரும் மாலை நேரங்களில் கூலிக்கு ஓவியங்களைப் பிரதி எடுத்தார்கள்: கோட்டோவியம் கர்ட்டின், அதன் மேல் வண்ணக் கழுவல் (நீர்த்த சாயப் பூச்சு) டர்னர். குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம்.

1800-இல் கர்ட்டின் தீட்டிய ‘செல்சியில் வெள்ளை வீடு’ நீர்வண்ண ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கிய தேம்ஸ் கரையில் பளிச்சென்று தெரியும் அந்த வீட்டுக்கு வெள்ளைச் சாயமே பூசவில்லை, வெறும் தாளை அப்படியே விட்டிருக்கிறார். இதைச் சீடன் வேலை என்று யார் சொல்வார்கள்?

அப்புறம், “சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்கள் மட்டுமே வரைந்தார்” என்பதும் தவறு. 1802-இல் 18 அடி உயரம், 108 அடி நீளத்தில் லண்டன் நகரத்தையே, பார்ப்பவரைச் சுற்றி வளைந்து நிற்கும் வட்டக் காட்சியாகத் (பனோரமா) தீட்டிக் காசு வாங்கிக் காட்டினார். அது இன்று இல்லை. அதே ஆண்டு நவம்பரில் 27 வயதில் இறந்துபோனார். “டாம் (கர்ட்டின்) இருந்திருந்தால் நான் பட்டினிதான்” என்று டர்னரே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.