பீகிள் நாயின் காதில் கற்பூர எண்ணெய் விடலாமா?

“பீகிள், பாசெட் ஹவுண்ட் நாய்களின் காதில் வாரம் ஒருமுறை கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டால் சீழ் பிடிக்காது” என்று புதுச்சேரி, கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

இந்த மோப்ப நாய்களின் நீண்ட மடல் காதுத் துளையை மூடியே கிடக்கும். உள்ளே காற்று போகாது. காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் வளைகிறது. ஊற்றிய எண்ணெய் அந்த வளைவில் தங்கி அழுக்கோடு பிசுபிசுக்கும். நம் கடலோரப் புழுக்கமும் சேர்ந்தால் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை தாராளமாகப் பெருகும். கற்பூரமோ நாய்க்கு நஞ்சு. தோல் வழியாகவும் உடலில் ஏறும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். வாந்தி, வலிப்பு வரலாம்.

வாரம் ஒருமுறை மடலைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பாருங்கள். வெளிர் மஞ்சள் மெழுகு கொஞ்சம் இருப்பது இயல்பு. சுத்தமான காதைக் கழுவவே வேண்டாம். அழுக்கு இருந்தால், கால்நடை மருத்துவர் சொல்லும் காது கழுவும் திரவத்தைத் துளை நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்துவிடுங்கள். ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்கும். நாய் தலையை உதறிய பிறகு, விரலில் சுற்றிய பஞ்சால் எட்டும் வரை மட்டும் துடையுங்கள். பட்ஸ் அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

குளிப்பாட்டினாலும், சில்வர் பீச்சில் அலையில் விளையாடினாலும், காதை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

துர்நாற்றம், பழுப்புக் கசிவு, தலை சாய்வு, ஓயாத உதறல் தெரிந்தால் வீட்டில் எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே மருந்து.