நீ யாரு இதுல தலையிட?

'தலையிடு' என்ற சொல்லை நாம் எப்படிப் புழங்குகிறோம் என்று கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். தெருச்சண்டையில் "நீ யாரு இதுல தலையிட?" என்று எகிறுகிற அதே ஆள், மறுநாள் திங்கட்கிழமை மனுவில் "ஆட்சியர் அவர்கள் உடனடியாகத் தலையிட்டு" என்று பவ்யமாக எழுதுவார். இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்துப் போனால், இங்கிருந்து டெல்லிக்குப் போகிற கோரிக்கையிலும் இதே சொல்தான். மேலே இருப்பவர் தலையிட்டால் நிவாரணம். பக்கத்து வீட்டுக்காரர் தலையிட்டால் அதிகப்பிரசங்கி.

குறுக்கிடுவது பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடும். மூக்கை நுழைப்பது சுத்தமான திட்டு. எனக்குப் பிடித்தது 'விலக்கிவிடுவது'. ஈழத்து நண்பர்கள் இதை 'விலக்குப் பிடிக்கிறது' என்பார்கள். சொல்லிலேயே கை இருக்கிறது, பாருங்கள்.

புறநானூற்றில் 45, 46, 47 என்று அடுத்தடுத்து மூன்று பாட்டு, மூன்றும் கோவூர்கிழார் என்ற புலவர் தலையிட்ட கதை. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைந்து கிடந்த நெடுங்கிள்ளியிடமும், உங்களில் யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடிதானே என்கிறார். 47-இல், ஒற்றன் என்று கொல்லப்படவிருந்த இளந்தத்தன் என்ற புலவருக்காகப் பேசுகிறார். நடுவில் இருக்கும் 46-தான் என்னை உலுக்குவது. குறுநில மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான் சோழன் கிள்ளிவளவன். யானையைப் பார்த்து அழுத பிள்ளைகள் அந்த அழுகையையும் மறந்து, புதுக் கூட்டத்தை மிரண்டு பார்க்கின்றன. அதைச் சொல்லிவிட்டு, கேட்டாயல்லவா, இனி உன் விருப்பம் என்று முடிக்கிறார். கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. அவர் அமைச்சரும் இல்லை, உறவும் இல்லை.

சரி, நம்ம காலத்துக்கு வருவோம். போன வருஷம் ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் மனைவியின் முடியைப் பிடித்து இழுத்தான். ஏழெட்டுப் பேர் நின்றோம். "குடும்ப விஷயம், நாம தலையிடக் கூடாது" என்றார் என் பக்கத்தில் இருந்தவர். நானும் செல்போனைப் பார்ப்பதுபோல நின்றேன், வெட்கம்தான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது 2005-இல். அதன் 4-ஆவது பிரிவின்படி, குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறை பற்றி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன?

பூ விற்கிற அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நடுவில் போய் நின்றார்.

"நீ யாருடி?" என்றான்.

"பூக்காரி. கையை எடு."

எடுத்தான்.