17 ஆண்டுகள் எழுதப்பட்ட துயரம்

காதலித்து இழந்தது காதலிக்காமலே இருந்ததைவிட மேல் என்னும் பொருள்பட அமைந்த ஆங்கில வரியைக் காதல் தோல்விக்கு மருந்தாகப் பகிராதவர்கள் குறைவு. ரோஜாப்பூப் படத்தோடு நானும் ஒரு காலத்தில் பகிர்ந்திருக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் ஆல்பிரட் டென்னிசன் அதை எந்தக் காதலியையும் நினைத்து எழுதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1833 செப்டம்பரில், 22 வயதில், வியன்னாவில் திடீரென்று இறந்துபோன நண்பர் ஆர்தர் ஹாலமுக்காக, தம் தங்கை எமிலியை மணக்கவிருந்த அந்த இளைஞருக்காக, அவர் பாடிய ‘இன் மெமோரியம்’ என்னும் நெடிய இரங்கற்பாவின் 27ஆம் பகுதியில் அவ்வரி வருகிறது.

அந்நூல் ஆசிரியர் பெயரின்றி அச்சானது 1850இல். விக்டோரியா காலக் கவிதை என்றாலே நெஞ்சை நிமிர்த்தச் சொல்லும் அறிவுரை என்று எண்ணுபவர்கள், இடையில் கழிந்த 17 ஆண்டுகளைக் கருத வேண்டும். துயரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும்படி இக்கவிதை யாரையும் விரட்டுவதில்லை. அதன் யாப்பே அதற்கு இடம் கொடுக்காது: நான்கு அடிகளில் நடுவிலுள்ள இரண்டும் தம்முள் இயைந்து சற்றே முன்னகர, நான்காம் அடி முதலடியின் ஓசைக்கே திரும்பிவிடுகிறது. தேறிவிட்டோம் என்று நினைத்த மறுகணமே பழைய இடத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை இழவு கண்ட எவரும் அறிவர்.

நம்பிக்கையும் இங்கே மலிவாகக் கிடைப்பதில்லை. சார்லஸ் லயலின் நிலவியல் நூலைப் படித்திருந்த டென்னிசன், தனி உயிர்களை மட்டுமன்றி உயிரினங்களையே அடியோடு அழித்துவிட்டு, பாறைகளில் அவற்றின் தடயத்தை மட்டும் வைத்துக்கொண்டு இயற்கை கவலையற்றிருக்கிறதே என்று நடுங்குகிறார். உயிரினங்களின் பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வெளிவர, இக்கவிதை அச்சானபோது இன்னும் 9 ஆண்டுகள் இருந்தன. அந்த நடுக்கத்தை மறைக்காமலே, நேர்மையான ஐயத்தில் இருக்கும் பற்றுறுதி சமயக் கொள்கைகளில் பாதியில்கூட இல்லை என்கிறார். 1861இல் கணவர் ஆல்பர்ட்டை இழந்த விக்டோரியா அரசி இந்நூலில் ஆறுதல் தேடியதற்கு, பதில்களைவிட இந்த ஐயங்களே காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

துயரத்தை மறைக்காமலே தாங்கும் வலிமைக்கு நான் காட்டக்கூடிய சான்று இக்கவிதையில் இரண்டு இடங்கள். 7ஆம் பகுதியில், உறக்கம் வராத கவிஞர் விடியுமுன் லண்டனில் ஹாலமின் வீட்டு வாசலுக்குக் குற்றவாளியைப் போல ஒதுங்கி வந்து நிற்கிறார். தூறலுக்கிடையே வெறிச்சோடிய தெருவில் வெறுமையாகப் பொழுது புலர்கிறது. 119ஆம் பகுதியில் மீண்டும் அதே வாசல், அதே விடியற்காலை. இம்முறை தெருவில் புல்வெளியின் மணம் வருகிறது, பறவை ஒலி கேட்கிறது. பெருமூச்சுகூட அதிகமின்றி, மனத்துக்குள்ளேயே நண்பரின் கையைப் பற்றிக்கொள்கிறார்.