கையெழுத்தை மட்டும் வெட்டி எடுக்காதீங்க சாமி

நேத்து ஒரு நண்பர் போட்டோ அனுப்பி எப்படி இருக்குன்னு கேட்டார். பெரிய ஃப்ரேம், நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பேப்பர் துண்டு, அதுல ஒரு பிரபலத்தோட கையெழுத்து, அவ்வளவுதான். எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. எவனோ ஒருத்தன் ஒரு முழு லெட்டரைக் கத்தரிக்கோலால வெட்டியிருக்கான். அந்தத் துண்டைத் திருப்பிப் பாத்தா முன்னும் பின்னும் இல்லாம நாலு வார்த்தை நிக்கும். யாருக்கு எழுதினார், கோவமா, கடன் கேட்டாரா, ஒண்ணும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டுல சேகரிப்பாளர்கள் ஆல்பத்துல ஒட்டறதுக்குன்னே இப்படி வெட்டித் தள்ளியிருக்காங்க.

பேரு பைத்தியம் எங்க கொண்டு விடும்னா, 1776 அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்து போட்டவங்க மொத்தம் 56 பேர். 56ஐயும் சேக்கணும்னு கிளம்பினவங்களுக்கு மத்தவங்க நிறைய பேரோடது தேடினா கிடைச்சுடும், பட்டன் க்வின்னெட்னு ஒருத்தர்தான் கண்ணுல விரலை விட்டு ஆட்டுவார். மனுஷன் மறு வருஷமே ஒரு துப்பாக்கிச் சண்டையில செத்துட்டார், அதனால அவர் கைப்பட்டது ரொம்பக் கொஞ்சம். செட் முழுசாகணும்ங்கறதுக்காகவே அவருக்கு அவ்வளவு கிராக்கி.

படிச்சவங்க ஏமாற மாட்டாங்கன்னு நினைக்காதீங்க. மிஷெல் ஷால்னு பிரான்ஸ்ல பெரிய கணித மேதை. வ்ரேன்-லூகாஸ்ங்கற ஆள் அவருக்கு ஆயிரக்கணக்குல போலிக் கடிதங்கள வித்திருக்கான், அதுல கிளியோபாட்ரா எழுதினதும் இருக்கு, பைபிள்ல வர்ற மகதலேனா மரியா எழுதினதும் இருக்கு, எல்லாமே பிரெஞ்சு மொழியில! உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். 1870ல அவனுக்கு ரெண்டு வருஷம் ஜெயில்.

நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல, ஆரம்பத்துல கையெழுத்து போட்ட போட்டோ ஒண்ணு வாங்கி சுவத்துல மாட்டி வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டிருந்தேன், ஒருநாள் சும்மா லென்ஸ் வச்சுப் பாத்தா கோடு முழுக்க பொடிப் பொடி புள்ளி, பிரிண்ட்! வித்தவர் அதுக்கப்புறம் போனே எடுக்கல.

நிஜமான பழைய நிப்பு எழுத்து வேற மாதிரி இருக்கும். கீழ இழுக்கும்போது நிப்பு விரியும்ல, அந்த ரெண்டு முனையும் ஓரத்துல மெல்லிசா தடம் விட்டிருக்கும். அந்தக் காலத்து மை மாசிக்காயும் அன்னபேதிங்கற இரும்பு உப்பும் சேத்து செஞ்சது, எழுதினப்புறம் நல்லா கறுத்துப்போனது நாளாக ஆக பழுப்பாயிடும், சில இடத்துல பேப்பரையே தின்னுடும். போலி போடறவன் பாத்துப் பாத்து மெதுவா வரைவான், அதனால கோடு நடுங்கும், நடுநடுவுல பேனா நின்ன இடத்துல மை தேங்கும். ரெண்டு கையெழுத்து அச்சு அசல் ஒண்ணு மேல ஒண்ணு பொருந்துச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, எந்த மனுஷனும் ரெண்டு தடவை அப்படிப் போட மாட்டான். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பேர்ல போன லெட்டர்ல நிறைய, ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போடற ஆட்டோபென் மெஷின் போட்டதுதான், மிச்சத்துல செக்ரட்டரிங்க போட்டதும் உண்டு.

அதனால இப்ப எனக்கு பெரிய பேரெல்லாம் வேணாம். பாதி தெரிஞ்ச ஆள் எழுதினாலும் முழுசா ஒரு பக்கம், அடிச்சுத் திருத்தினது, ஓரத்துல இடம் பத்தாம வளைச்சு எழுதினது, அது போதும். நண்பருக்கு இன்னும் பதில் போடல, அந்தத் துண்டோட பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லணும்.