ஹுவேர்டா உதவியாளர் அல்ல

ஒரு அண்ணன் தன் பதிவில், டொலோரஸ் ஹுவேர்டா என்ற பெண், அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸுக்கு உதவியாளராக இருந்தவர், 'சி சே புவேதே' சாவேஸ் சொன்ன முழக்கம் என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

1962இல் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஹுவேர்டாவும் ஒருவர். திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் 1970இல் ஒப்பந்தத்தில் முடிந்தபோது, முதலாளிகளோடு உட்கார்ந்து பேரம் பேசியதும் அவர்தான். (அந்த வேலைநிறுத்தத்தை 1965இல் முதலில் தொடங்கியவர்கள் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். அதையும் யாரும் சொல்வதில்லை.)

அப்புறம் அந்த முழக்கம். 1972இல் அரிசோனாவில், "இங்கே இந்தப் போராட்டமெல்லாம் நடக்காது" என்று உள்ளூர்த் தலைவர்கள் கைவிரித்தார்கள். "இல்லை, முடியும்" என்று ஸ்பானிய மொழியில் ஹுவேர்டா சொன்ன பதில்தான் 'சி சே புவேதே'. 1988இல் சான் பிரான்சிஸ்கோ போலீஸ் அடித்ததில் அவருக்கு விலா எலும்புகள் முறிந்தன, மண்ணீரலையே எடுக்க வேண்டியதாயிற்று. உதவியாளராம்!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அம்மா மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டையின் தோட்டை (ஓட்டை) உடைத்தவர். அந்த ஓட்டிலிருந்து வரும் அண்டிப்பால் பட்டு விரல்நுனி கருத்து, தோல் உரிந்திருக்கும். கூலி உயர்வு கேட்டு வாசலில் உட்கார்ந்தது அம்மாவும் கூட இருந்த பெண்களும். ஊரில் இன்றைக்கும் சொல்லப்படுவது மேடையில் பேசிய ஆண்களின் பெயர்கள்தான்.

அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள், அண்ணே.