எதற்கெடுத்தாலும் இருப்பிட அனுமதி

கணக்குப் போடும் செயலிகூட இப்போது திறந்தவுடன் இருப்பிட அனுமதி கேட்கிறது. எதற்கென்று ஒரு வரி சொல்வதில்லை, மறுத்தால் உள்ளே விடுவதுமில்லை. களியக்காவிளை போன்ற எல்லையூரில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. ஆண்ட்ராய்டு 12 வெளிவந்த 2021 முதல், துல்லியமான இடத்தைத் தராமல் ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்பளவில் தோராயமாக மட்டும் காட்டலாம் என்பது நல்ல ஏற்பாடுதான் என்றாலும், அந்தப் பரப்புக்குள் கேரளப் பக்கமும் வந்துவிடுவதால், மளிகைச் செயலி பாறசாலைக் கடைகளை மலையாளத்தில் அடுக்கிவிட்டு, வீட்டு முகவரியைத் தந்ததும் அங்கே டெலிவரி இல்லையென்று கைவிரிக்கிறது. பின்கோடு கேட்டாலே முடிந்துபோகும் வேலை இது. "பயன்படுத்தும்போது மட்டும்" என்ற தெரிவு 2019இலேயே ஆண்ட்ராய்டு 10இல் வந்துவிட்ட பிறகும், "எப்போதும் அனுமதி" வேண்டுமென்று அடம்பிடிப்பது அநியாயம்.